கசப்பு பூசிய 2032 பேட்டரி: நாக்குக்குக் காவல், தொண்டைக்கு இல்லை

கார் சாவி, எடை மிஷின், சர்க்கரை பார்க்கும் கருவி, சீரியல் லைட்டின் தட்டை ரிமோட், கார்த்திகைக்கு வாங்கிய எல்இடி அகல். எண்ணிப் பார்த்தால் ஒரு சாதாரண வீட்டில் ஐந்தாறு சிஆர்2032 பேட்டரிகள் சத்தமில்லாமல் குடியிருக்கும். பெயரிலேயே அளவு உண்டு. முதல் இரண்டு எண் அகலம், 20 மி.மீ. அடுத்த இரண்டு கனம், 3.2 மி.மீ. 2025 என்றால் கனம் 2.5, 2016 என்றால் 1.6. மூன்றும் 3 வோல்ட் லித்தியம் பட்டன் பேட்டரிகள்.

பிள்ளை வாயில் போட்டால் துப்பிவிடட்டும் என்று டூராசெல் 2020 வாக்கில் இந்த மூன்று அளவுகளிலும் கசப்பு பூசி விற்க ஆரம்பித்தது. பானாசோனிக்கும் எனர்ஜைசரும் தங்கள் வகைகளைக் கொண்டுவந்தன. இந்த மதிப்புரை ஒரு கம்பெனியைப் பற்றியது அல்ல, அந்தப் பூச்சைப் பற்றியது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள வீடு கூடுதல் காசு கொடுத்து இதை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அதை நம்பி வேறு எந்த ஒரு வேலையையும் விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கதை.

முதலில் அட்டை. நல்ல பொதி கையால் கிழியாது. இரண்டு அடுக்கு கெட்டி பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒவ்வொரு பேட்டரியும் தனித்தனியாக அடைபட்டிருக்கும். கத்தரிக்கோல் இல்லாமல் திறக்க முடியாது. அவசரத்தில் கார் சாவிக்கு மாற்றும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்குத்தான் காசு. இதற்கு எதிர்ப்புறம், கடை வாசலில் தொங்கும் ஐந்து பேட்டரிச் சரம். பின்னால் மெல்லிய தாள், நகத்தால் கீறினால் போதும். ஒன்றை எடுத்தபின் மீதி நான்கும் மேசை டிராயரில் ரப்பர் பேண்டு, சேஃப்டி பின்களோடு உருளும். வாட்ச் ரிப்பேர் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது இன்னும் மோசம்.

அட்டைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு உடனே ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பேட்டரி விழுங்கிய சம்பவங்களின் பதிவுகளை அலசி 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பேட்டரி எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தது. சாதனத்துக்குள்ளிருந்து எடுத்தது 61.8 சதவீதம். வெளியே கிடந்ததை எடுத்தது 29.8. அட்டையிலிருந்து எடுத்தது வெறும் 8.2. ஆக, உலகத்திலேயே கெட்டியான அட்டையும் பத்தில் ஒரு விபத்தைக்கூடத் தடுக்காது. பூச்சின் நியாயம் இங்கேதான் வருகிறது. அட்டை குப்பைக்குப் போய்விடும், பூச்சு பேட்டரியோடு ரிமோட்டுக்குள் போகும், கழற்றி வைத்தால் மேசைக்கும் வரும்.

பூச்சில் இருப்பது டினாட்டோனியம் பென்சோயேட். பிட்ரெக்ஸ் என்ற பெயரில் அறியப்படுவது. 1958-இல் ஸ்காட்லாந்தில், மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. கசப்பு என்றால் வேப்பங்கொழுந்துக் கசப்பு அல்ல. மிகச் சிறிய அளவே வாயை முறுக்கிவிடும். இந்த அளவில் நஞ்சு இல்லை. பூச்சு இருக்கிறதா என்று பார்க்க பேட்டரியை வாயில் வைக்க வேண்டாம். உலர்ந்த விரலால் எழுத்து இல்லாத மைனஸ் பக்கத்தை ஒரு தடவை தேய்த்து, விரல் நுனியை நாக்கில் தொட்டால் தெரிந்துவிடும். பேட்டரி மாற்றிய கையைக் கழுவாமல் இட்லி பிட்டவர்களுக்கும் தெரிந்துவிடும்.

இந்தப் பூச்சு ஈரத்தில் கரைய வேண்டும் என்றே செய்யப்பட்டது. எச்சில் பட்டால் கரைந்தால்தானே கசக்கும். அதனால் ஈரக் கையோடு தொடுவதும், துடைப்பதும், கழற்றிக் கழற்றி மாட்டுவதும் அதைத் தேய்த்துவிடும். புதிதாக வாங்கியதற்கும் இரண்டு வருடம் எடை மிஷினில் இருந்ததற்கும் கசப்பு ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. சில சாதனங்களில் இது வேலை செய்யாது. மைனஸ் பக்கம் பூச்சு இருக்கும் இடத்தில் சாதனத்தின் தொடுகம்பி வந்து உட்கார்ந்தால் மின்சாரம் போகாது. ஆப்பிள் கம்பெனியே ஏர்டேக் பற்றிய குறிப்பில், கசப்பு பூசிய 2032 சில சமயம் வேலை செய்யாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது. கார் சாவியிலும் அப்படி நேரலாம். ஆகவே முதலில் ஒன்றே ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பது புத்தி. வேலை செய்யவில்லை என்றால் லேசாகத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். ஸ்பிரிட் தொட்டுப் பூச்சைத் துடைத்துவிட்டால் சரியாகும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சரியாகத்தான் ஆகும், கூடுதல் விலை கொடுத்து சாதாரண பேட்டரி வாங்கியதாகவும் ஆகும்.

இனி முக்கியமான கேள்வி. கசப்பு பிள்ளையைத் தடுக்குமா?

பாதி தடுக்கும். வாயில் வைத்து உருட்டிச் சப்பிக்கொண்டிருக்கும் பிள்ளை துப்பிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. வாயில் போட்ட கையோடு விழுங்கும் பிள்ளையிடம் கசப்புக்கு வேலை செய்ய நேரமே இல்லை. நாக்கு உணர்வதற்குள் பேட்டரி தொண்டையைத் தாண்டியிருக்கும். கசப்பைப் பொருட்படுத்தாத பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்கள் எஞ்சின் தண்ணீர் பனியில் உறையாமலிருக்க காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸில் இதே கசப்பைக் கட்டாயமாகக் கலக்கச் சொல்லிப் பார்த்தன. பிள்ளைகள் அதைக் குடிப்பது அதனால் குறைந்ததாக ஆய்வில் தெரியவில்லை.

தொண்டையைத் தாண்டிய பிறகு கசப்பு பூசியதும் பூசாததும் ஒன்றே. இதைப் புரிந்துகொள்ள ஒரு சமையலறைச் சோதனை போதும். எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்று, கட்டைவிரல் கனத்தில். மேலே மஞ்சள்தூளும் உப்புத் தண்ணீரும் தடவுங்கள். பேட்டரியை அதன்மேல் வைத்து, கறியை மடித்து மூடுங்கள். உணவுக்குழாய் ஒரு பேட்டரியைப் பிடித்திருப்பது கிட்டத்தட்ட இப்படித்தான், இருபுறமும் ஈரச்சதை ஒட்டிக்கொண்டு. சில நிமிடங்களில் விளிம்பில் நுரை கொப்பளிக்கும். சற்று நேரம் கழித்துத் திறந்தால் மைனஸ் பக்கம், அதாவது எழுத்து இல்லாத சிறிய வட்டம் பட்ட இடம், குங்குமச் சிவப்பாக மாறியிருக்கும். பிளஸ் பக்கம் அப்படிச் சிவக்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வேதியியல்தான்: காரம். மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி. மூடி இரண்டு மணி நேரம் விட்டால் அந்த இடத்தில் கறி கறுத்துக் குழிந்திருக்கும். துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பேட்டரி உடைந்து உள்ளே இருக்கும் மருந்து ஒழுகிப் புண்ணாக்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒழுகவே வேண்டாம். ஈரச்சதை வழியாக மின்சாரம் ஓடுகிறது, மைனஸ் பக்கத்தில் தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகிறது, காரம் சதையைக் கரைக்கிறது. இதற்கு 3 வோல்ட் தேவையில்லை, 1.2 வோல்ட் அளவே போதும். ரிமோட்டுக்குச் செத்துப்போன 2032-ஐ மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டும். ரிமோட்டுக்குத்தான் அது செத்தது.

அகலமும் சேர்ந்துகொள்கிறது. வாட்ச் பேட்டரி 6.8 மி.மீ, பொம்மைகளில் வரும் எல்ஆர்44 வகை 11.6 மி.மீ, இவை பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கிவிடும். 20 மி.மீ என்பது சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது. 3 வோல்ட்டும் அந்த அகலமும் சேர்வதால்தான் 2032 மற்ற எல்லாவற்றையும்விட மோசம். இரண்டு மணி நேரத்தில் கடுமையான புண் உண்டாகலாம். புண் பக்கத்திலிருக்கும் மூச்சுக்குழாயைத் துளைக்கலாம், குரல் நரம்பைக் கெடுக்கலாம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வரை போகலாம்.

எனர்ஜைசரின் ஒரு வகையில் கசப்போடு நீலச் சாயமும் வைத்திருக்கிறார்கள். எச்சில் பட்டால் வாய் நீலமாகும். கசப்பைவிட இந்த யோசனைக்கு அதிக மதிப்பெண் தரலாம். காரணம், விழுங்கியதை யாரும் பார்க்காத சம்பவங்கள்தான் கெட்டுப்போகின்றன. எச்சில் ஒழுகுகிறது, சோறு வேண்டாம் என்கிறது, ஓங்கரிக்கிறது, இருமுகிறது, லேசாகக் காய்ச்சல். சளி என்று சிரப் கொடுத்து ஒரு நாள், வைரஸ் என்று இன்னொரு நாள் போய்விடும். நீல வாய் அந்த நாட்களை மிச்சப்படுத்தும். ஆனால் சாயமும் மின்சாரத்தை நிறுத்தாது. வாய் நீலமாக இல்லை என்பதால் விழுங்கவில்லை என்றும் ஆகாது.

கசப்பு தோற்றுவிட்டால் என்ன செய்வது என்பதை எந்த அட்டையும் போதுமான அளவு சொல்வதில்லை. பேட்டரி காணோம், பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேராக எமர்ஜென்சி. பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போய் அங்கிருந்து சீட்டு வாங்கி இன்னொரு இடம் என்று சுற்றினால் அந்த இரண்டு மணி நேரம் வழியிலேயே முடிந்துவிடும். எக்ஸ்ரே, குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்பவர், மயக்க மருந்து கொடுப்பவர் மூன்றும் உள்ள இடம் வேண்டும். 108-ஐ அழைக்கும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யும்போதும் முதல் வார்த்தையாக "பட்டன் பேட்டரி" என்று சொல்லுங்கள். "ஏதோ முழுங்கிட்டான்" என்றால் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்திருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமல், எச்சிலை விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், வழியில் தேன் கொடுக்கலாம். 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஆறு முறை. தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து, லேசான அமிலமாக இருப்பதால் காரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அமெரிக்காவின் நேஷனல் கேப்பிட்டல் பாய்சன் சென்டர் தன் வழிகாட்டுதலில் இதைச் சேர்த்திருக்கிறது. இது வாங்கித் தருவது சிறிது நேரம் மட்டுமே. வீட்டில் தேன் இல்லை என்றால் கடைக்கு ஓடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது; பாட்டுலிசம் என்ற நோய் வரலாம்.

தேனைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். வாழைப்பழம் விழுங்க வைப்பது, சோற்று உருண்டையால் தள்ளுவது, விளக்கெண்ணெய், உப்புத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது எல்லாமே பாட்டி காலத்துப் புளியங்கொட்டைக்கு வேண்டுமானால் பொருந்தியிருக்கலாம். சிக்கிய பேட்டரியை வாழைப்பழம் தள்ளாது. மயக்க மருந்து கொடுப்பவருக்குத்தான் கூடுதல் தலைவலி. கையில் எடுத்துப் போக வேண்டியது காலி அட்டை, அல்லது அதே மாதிரி இன்னொரு பேட்டரி. எண்ணைப் பார்த்ததும் மருத்துவருக்கு அகலமும் வோல்ட்டும் தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே கழுத்திலிருந்து அடிவயிறு வரை எடுக்க வேண்டும், நேராகவும் பக்கவாட்டிலும். நெஞ்சை மட்டும் எடுத்தால் கழுத்தில் சிக்கியதும் வயிற்றுக்கு இறங்கியதும் தப்பிவிடும். நம் ஊரில் இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. 2019-இல் வந்த புதிய ஒரு ரூபாய் நாணயமும் 20 மி.மீ, 2032-ம் 20 மி.மீ. படத்தில் இரண்டும் அதே அளவு வெள்ளை வட்டம். நாணயம் என்றால், பிள்ளை மூச்சுத்திணறாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு இருந்தால், ஒரு நாள் வரை பார்க்கலாம். பேட்டரி என்றால் ஒரு மணி நேரமும் பார்க்க முடியாது. வேறுபாடு ஓரத்தில் இருக்கிறது. பேட்டரிக்கு வட்டத்துக்குள் இன்னொரு மெல்லிய வட்டம் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் ஒரு சின்னப் படிக்கட்டு தெரியும். படிக்கட்டின் குறுகிய பக்கம்தான் மைனஸ், அது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அங்கேதான் புண் ஆழமாகும். மெல்லிய 2016-இல் இந்தப் படி சரியாகத் தெரியாமலும் போகும். படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்தீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. கையடக்க மெட்டல் டிடெக்டர் வைத்துப் பார்க்கும் இடங்களும் உண்டு. உலோகம் இருக்கிறது என்று அது சொல்லும், நாணயமா பேட்டரியா என்று சொல்லாது.

உணவுக்குழாயில் இருந்தால் வயிறு காலியாகட்டும் என்று காத்திருக்காமல் உடனே எடுப்பதுதான் முறை. எடுக்கும் வரை ஆஸ்பத்திரியில் தேனுக்குப் பதில், வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் திரவம் 10 மி.லி. (1 கிராம்) பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை வரை கொடுக்கலாம். எடுத்தபின் துளை விழவில்லை என்று பார்த்துக்கொண்டு 0.25 சதவீத அசிட்டிக் அமிலம் 50 முதல் 150 மி.லி. விட்டு அந்த இடத்தைக் கழுவுவதும் இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கிறது. வயிற்றுக்கு இறங்கிவிட்டால் அவசரம் குறைகிறது, தீர்ந்துவிடுவதில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்து, பேட்டரி 20 மி.மீ அல்லது பெரிதாக இருந்தால், ஒன்றிரண்டு நாளுக்குள் எண்டோஸ்கோப்பியை யோசிப்பார்கள், வழியில் உணவுக்குழாயைச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று பார்க்கவும் சேர்த்து.

எடுத்தாகிவிட்டது என்று மூச்சு விட்டாலும் சில வாரங்களுக்குக் கண் வைத்திருக்க வேண்டும். காரம் உள்ளே வேலையைத் தொடரும். ரத்த வாந்தி, கறுப்பு மலம், குடிக்கும்போது இருமல், கரகரத்த குரல், கழுத்தைத் திருப்ப மறுப்பது, இவற்றில் எது வந்தாலும் மறுபடி எமர்ஜென்சி. கொஞ்சம்போல் ரத்தம்தானே என்று விடக் கூடாது. பெரிய ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பு அப்படித்தான் வரும். மூக்கிலோ காதிலோ பேட்டரி போனாலும் அவசரம்தான். சொட்டு மருந்து விட வேண்டாம், ஈரம் சேரச் சேர வேகம் கூடும்.

மறுபடி கடைக்கு வருவோம். பூச்சுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை ஸ்க்ரூவுக்கும் கொடுங்கள் என்பதுதான் இந்த மதிப்புரையின் மொத்தமும். பத்தில் ஆறு பேட்டரி சாதனத்துக்குள்ளிருந்து போகிறது என்றால் மூடிதான் முதல் காவல். இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்; மின்சாரப் பொம்மைகளுக்கான தரம் ஐஎஸ் 15644. முத்திரை உள்ள பொம்மையில் பேட்டரி மூடிக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்கும். திருவிழாக் கடையில் விற்கும் லேசர் சாவிக்கொத்துக்கு முத்திரையும் இருக்காது, ஸ்க்ரூவும் இருக்காது. எல்இடி அகலும் எடை மிஷினும் ரிமோட்டும் பொம்மையே அல்ல என்பதால் அந்த உத்தரவுக்குள் வருவதில்லை. ஆஸ்திரேலியா 2022 ஜூன் 22 முதல் பட்டன் பேட்டரி உள்ள நுகர்வோர் சாதனங்களுக்கும் பத்திரமான மூடியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ரீஸ் சட்டம் வந்தது. ரிமோட் பேட்டரியை விழுங்கி இறந்த 18 மாதக் குழந்தையின் பெயர் அது. அங்கே ஒப்புக்கொண்ட தரம் யூஎல் 4200ஏ: மூடியைத் திறக்கக் கருவி வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு வேறு அசைவுகள் வேண்டும்.

கடையில் நின்றே இதைச் சோதிக்கலாம். அகல்விளக்கின் அடிமூடியைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். தள்ளினால் திறக்கிறதா, வைத்துவிடுங்கள். ரிமோட்டின் அடியில் சின்னத் தட்டு நகத்தால் இழுத்தால் வருகிறதா, அதே தீர்ப்பு. இடுப்பு உயரத்திலிருந்து கீழே விழுந்தால் பேட்டரி தெறிக்கும் எடை மிஷின்களும் உண்டு. ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்கு, மூடிமேல் குறுக்கே துணி டேப் இரண்டு சுற்று; அழகாக இருக்காது. தாத்தாவின் காது மிஷினை மறந்துவிடாதீர்கள். அதன் பேட்டரி வாரத்துக்கு ஒரு முறை மாறுகிறது, பழையது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அதற்குப் பெரும்பாலும் கசப்புப் பூச்சும் இருப்பதில்லை.

மதிப்பெண்: அட்டைக்கு ஐந்துக்கு ஐந்து. கசப்புக்கு மூன்று. சாதனங்களோடு ஒத்துப்போவதற்கு மூன்றரை. ஒரே அலமாரியில் சாதாரணமும் கசப்பு பூசியதும் இருந்தால் பூசியதை எடுங்கள், ஒன்று மட்டும். கழற்றிய பழையதை இரு பக்கமும் செலோடேப்பால் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் பரண்மேல் வையுங்கள். மின்கழிவு வாங்குபவர் வரும்போது கொடுக்கலாம். பேட்டரி மாற்ற உட்கார்ந்தால் பழையது டேப்புக்குள் போகும் வரை எழுந்திருக்காதீர்கள், குக்கர் எத்தனை விசில் அடித்தாலும்.